எலியின் பாதமும் தோட்டத்து முழங்காலும்

மூலிகை என்றதும் மெய்சிலிர்ப்பவர் ஒருபுறமும் முகஞ்சுளிப்பவர் மறுபுறமுமாக நம்மவர் பிரிந்து நிற்கின்றனர். இருசாராரும் ஆய்வுகூடத்து எலியின் பாதத்தைச் சிறிது உற்று நோக்குதல் நன்று.

2003ஆம் ஆண்டில் கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரத்னசூரியவும் அவர்தம் குழுவினரும் நொச்சியின் முற்றிய பச்சிலைச் சாற்றை எலிகளுக்குப் புகட்டி, அதனால் வீக்கமும் நோவும் தணிந்தமையை வெளியிட்டனர். 2009இல் இலங்கைக் கறுப்புத் தேயிலையையும் அவர் இவ்வாறே சோதித்து, அதற்கும் வீக்கந்தணிக்கும் ஆற்றல் உண்டென அறிவித்தார். மதில் காக்கும் மறவர் சூடிய பூவென்று புறப்பொருள் வெண்பாமாலையில் நாம் படிக்கும் நொச்சிதான் இது. வெந்நீரிலிட்டு வேது பிடிக்கவும் ஒற்றடமிடவும் நம் பாட்டிமார் பறித்த இலையும் இதுவே. புலவர்க்குப் பூவும் பாட்டிக்கு இலையும் போதுமாயிருந்தன. விஞ்ஞானிக்கோ அளவு வேண்டும்.

அவ்வளவு எப்படிக் கிடைக்கிறது? செந்நிறக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் கராஜினன் என்னும் பொருளை எலியின் பின்னங்காற் பாதத்தில் மிகச் சிறிதளவு ஊசியால் ஏற்றுவர். இம்முறையை 1962இல் வின்ரரும் துணைவரும் வகுத்தனர். பாதம் வீங்கும். அதனைத் திரவத்தில் அமிழ்த்தி, மேலெழும் திரவத்தின் அளவால் வீக்கத்தை மணிக்கு மணி குறிப்பர். ஒரு கூட்டத்துக்கு இலைச்சாறு, மற்றொன்றுக்கு வெறும் நீர், இன்னொன்றுக்கு முன்பே தேர்ந்த மருந்து. முதற்கட்ட வீக்கத்துக்கு ஹிஸ்டமீனும் செரட்டோனினும் காரணம். பிந்திய கட்டத்திற்குப் புரொஸ்டகிளாண்டின்கள். ஆதலின் எந்த மணியில் வீக்கம் வற்றுகிறது என்பதே சாறு எங்கே கைவைக்கிறது என்பதற்கு ஒரு துப்பாகும். அஸ்பிரின் இப்பிந்திய பொருள்கள் உண்டாவதைத் தடுக்கிறது என்று 1971இல் காட்டிய ஜோன் வேனுக்கு 1982இல் நோபல் பரிசு கிடைத்தது. வில்லோ மரப்பட்டை காய்ச்சலைத் தணிப்பதாக ஸ்டோன் பாதிரியார் எழுதியதோ 1763இல்! பட்டையிலிருந்து விளக்கம்வரை இருநூறாண்டுகளுக்கு மேலான நடை.

எனவே எலியை ஏளனஞ் செய்வது அறியாமை. எலியிடம் கண்டதை அப்படியே மனிதர்க்கு விற்பதோ அதனினும் பெரிய பிழை. இங்கேதான் என் வழக்கு.

ஹற்றனிலும் நுவரெலியாவிலும் சரிவுகளில் நாள் முழுதும் ஏறியிறங்கிக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் முழங்காலை நினையுங்கள். எலியின் பாதம் ஓர் ஊசியால் வீங்கியது. சில மணி நேரக் கதை. இவள் முழங்கால் இருபது முப்பது ஆண்டுக் குளிரிலும் மழையிலும் சுமையிலும் தேய்ந்தது. அன்றன்றைய வீக்கத்தைத் தணிக்கும் சாறு, நாட்பட்ட மூட்டுநோயையும் தணிக்கும் என்று கொள்ள நியாயமில்லை. அதற்கு வாரக்கணக்கில் நீளும் வேறு சோதனைகள் உண்டு. அவற்றையும் கடந்தால் மனிதரிடம் நிகழ்த்தும் சோதனை உண்டு. தேநீர் வீக்கத்தை நீக்கும் என்று விளம்பரம் எழுத விரும்புவோர், நாள்தோறும் தேநீர் குடித்தும் காலை நீவியபடி லயத்துப் படியேறுகிறவளை ஒருகணம் பார்க்கட்டும். அவளுக்கு முதலில் வேண்டியது ஓய்வும் மருத்துவரும்.

எலிக்கும் வலி உண்டு. விலங்குக்குப் பதில் வேறு வழி, குறைந்த எண்ணிக்கை, குறைந்த துன்பம் என்று ரஸலும் பேர்ச்சும் 1959இல் வகுத்த நெறியை நினைத்தால், அரைகுறைச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வது அவ்வுயிர்க்கும் இழைக்கும் அநீதியாகும்.

மலைநாட்டுக்கு இவ்வகை முயற்சி புதிதன்று. ஹக்கலைத் தோட்டம் 1861இல் தொடங்கியதே கொயினா மருந்து தரும் சிங்கோனா மரத்திற்காகத்தான். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. இல்லாதது, லயங்களில் வழங்கும் பச்சிலை அறிவின் ஒழுங்கான பதிவு. தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் இதைத் தொடங்கலாம். எந்த இலை, இளசா முற்றியதா, பச்சையா காய்ந்ததா, கொதிக்கவைத்ததா அரைத்ததா, எந்நோவுக்கு, எத்தனை நாள் என்று மாணவர் கேட்டெழுதட்டும். பெயர் ஒன்றாயிருந்தும் செடி வேறாயிருக்கக்கூடும். ஆகவே பூவோடு கூடிய ஒரு கிளையை உலர்த்தி, பேராதனைத் தாவரச்சேகரத்தாரிடம் காட்டிப் பெயரை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இலையை அறிவித்த கிழவியின் பெயருக்கும், அவள் இசைந்தால், அச்சீட்டில் ஓர் இடம் விடுக.