பானெட்டைத் திறந்தால் என்ன தெரியுது?

தீபத் திருவிழாவில் பெரிய தேர் மாட வீதி முனையில் திரும்புறதைப் பார்த்திருப்பீங்க. சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுறாங்க, தேர் திரும்புது. எதனால் திரும்புதுன்னு வேடிக்கை பார்க்கிற சின்னப் பையனுக்கும் புரியும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் மேல நம்ம பசங்களுக்கு இருக்கிற மோகமும் இதனாலதான்னு நினைக்கிறேன். ஆனா "அந்தக் காலத்து வண்டிதான் வண்டி"ன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன்.

கணக்குப் பார்ப்போம். 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டை உங்க தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கி, 1962-ல் இங்கிலாந்தில் வந்த ஸ்போர்ட்ஸ் கார் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். 1147 சிசி, இரண்டு கார்புரேட்டர், 63 குதிரைத்திறன். இப்போ, 2021-ல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைனை எடுத்துக்கோங்க. நம்ம இருங்காட்டுக்கோட்டைத் தயாரிப்பு. 998 சிசி, டர்போ, 118 குதிரைத்திறன். இன்ஜின் சின்னது, சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

பாதுகாப்பில் இடைவெளி இன்னும் பெருசு. ஸ்பிட்ஃபயரின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறுற மலைப்பாதை மாதிரி ஒரு வளைவில் வேகமா நுழைஞ்சு, பயந்து ஆக்சிலரேட்டரை டக்குனு விட்டா, பின் சக்கரம் உள்பக்கம் மடங்கிப் பிடியை இழக்கும். வண்டி சுழலும். ஏபிஎஸ் இல்லை, ஏர்பேக் இல்லை. என் லைனில் இரண்டும் உண்டு. சறுக்கலை உணர்ந்து தனித்தனிச் சக்கரத்துக்கு பிரேக் போடுற ஈஎஸ்சியும் உண்டு. உயிர்னு வந்தா, என் ஓட்டு புதுசுக்குத்தான்.

அப்போ பழசுகிட்ட என்னதான் இருக்கு? ஸ்பிட்ஃபயரின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமா முன்னாடி சாயும். இன்ஜின், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாம் கண்ணெதிரே நிக்கும். கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகினா சத்தம் மாறும். காதாலேயே பாடம் படிக்கலாம். புது வண்டியைத் திறந்தா பிளாஸ்டிக் மூடி. அடியில் இருக்கிற ஈசியூ எடுக்கிற முடிவு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. முப்பது வருஷம் கை தேய்ஞ்ச பட்டறை அண்ணன்கூட "சர்வீஸ் சென்டருக்கே போயிடுங்க தம்பி"ன்னு அனுப்புறார். திறமை இல்லாம இல்லை, அந்த சாஃப்ட்வேர் அவர் கைக்கு வரலை.

நாம கேட்க வேண்டியது பழைய காரை இல்லை, இந்தத் திறவுகோலை. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைச்சது. கார்களும் அதன் பட்டியலில் உண்டு. நாளைக்கு நம்மில் பலர் கார் கம்பெனியில் உட்காரப் போறோம். எதைப் பூட்டணும், எதைத் திறந்து வைக்கணும்னு அப்போ நாமளும் முடிவு பண்ணுவோம்.

அதுவரைக்கும் ஒரு வேலை. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி போர்ட் இருக்கும். நாலு பேர் காசு போட்டு ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் வாங்குங்க. எல்லாத்தையும் காட்டாது, ஆனா ஃபால்ட் கோட், சென்சார் அளவு எல்லாம் போனில் ஓடும். அதை எடுத்துக்கிட்டு அந்தப் பட்டறை அண்ணன்கிட்ட போங்க. அவருக்கு இன்ஜின் தெரியும், உங்களுக்கு கோட் தெரியும். சேர்ந்து பாருங்க.