மாலிந்தாவின் இருள்

"பேயைத் தேடிப் பழைய போர்ச் சுரங்கங்களில் இரவைக் கழிக்கிறார்களாமே, மெய்தானா சுவாமி?" என்று பங்கு இளைஞர் ஒருவர் வினவினார்.

மெய்தான். பிலிப்பைன்ஸ் நாட்டில், மணிலா விரிகுடாவின் வாயிலிலுள்ள கொரேகிடோர் தீவின் மாலிந்தா சுரங்கத்தினுள் அவ்வாறு கைவிளக்கேந்திச் சென்றோர் பலர். மாலிந்தா என்றால் அட்டைகள் மலிந்த இடம், பெயரே அச்சுறுத்துகிறது! அமெரிக்க இராணுவத்திற்காக ஏறத்தாழ 830 அடி நீளத்திற்கு அதைக் குடைந்தோருள் பிலிபித் சிறைக் கைதிகளும் இருந்தனர். போர் மூண்டதும் அதன் கிளைகளில் 1,000 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை இயங்கிற்று. குண்டுகள் அதிர, புழுதியிலும் புழுக்கத்திலும் தாதியர் காயமுற்றோரைப் பேணினர். 1942 மே 6இல் தீவு ஜப்பானியரிடம் வீழ்ந்தது. 1945 பெப்ருவரியில் அமெரிக்கர் திரும்பியபோது, உள்ளே அடைபட்ட ஜப்பானியர் வெடிமருந்தைத் தாமே வெடிக்கச் செய்தனர். கிளைகள் சரிந்தன, பலர் அங்கேயே புதையுண்டனர்.

முனகல் கேட்டதாகச் சிலர் கூறுவர். கற்குகையில் நீர் சொட்டினாலும் நள்ளிரவில் அவ்வாறே கேட்கும். முனகியவர்கள் அங்கு மெய்யாகவே இருந்தார்கள் என்பதையோ எவரும் நினைப்பதில்லை.

"அங்கு மாண்டோருக்காக ஒரு செபம் சொல்வீரா?" என்று அவரைக் கேட்டேன்.

சற்றே தயங்கினார். "ஜப்பானியருக்குமா, சுவாமி?"

"அவர்களுக்குந்தான்."