பரணில் கிடக்கும் துப்பாக்கியும் பேரன் கையில் கொடுத்த ஏர் கன்னும்

பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் என் பாடத்தைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு ராயக்கோட்டைப் பக்கம் நம் மாந்தோப்பில் எல்லோரும் கூடினோம். நம் குடும்பத்துப் பேரன் ஒருவன், ஒன்பது வயது, புதிதாக வாங்கிக் கொடுத்த ஏர் கன்னைத் தன் தங்கையின் நெற்றிக்கு நேராகப் பிடித்தான். பெரியவர்கள் சிரித்தார்கள். ஒருவர் வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். அதற்கு இதயக்குறிகள் குவிந்தன. நான் கண்டித்தபோது வந்த பதில்: "விளையாட்டுக்குத்தானே மாமா, இந்த கன்னுக்கு லைசென்ஸே வேண்டாம்."

மாப்பிள்ளை, லைசென்ஸ் வேண்டாம் என்று சட்டம் சொன்னால் புத்தியும் வேண்டாம் என்று பொருளா? சமையலறைக் கத்திக்குக்கூடத்தான் லைசென்ஸ் இல்லை. அதைக் குழந்தையின் கையில் கொடுத்துத் தங்கையின் கழுத்தில் வைக்கச் சொல்வீர்களா? அந்தச் சின்ன ஈயக்குண்டு ஒரு கண்ணைப் பறிக்கப் போதும்.

எனக்குத் துப்பாக்கி என்றாலே பயம் என்று நினைத்துவிடாதீர்கள். அரசுப் பள்ளியில் பல ஆண்டுகள் என்.சி.சி. அதிகாரியாக இருந்தவன் நான். பாயிண்ட் 22 ரைபிளை உங்களில் பலருக்குக் கையில் கொடுத்ததே நான்தான். கொடுப்பதற்கு முன் நான்கு விதிகளை ஒப்பிக்கச் சொல்வேன், நினைவிருக்கிறதா? எந்தத் துப்பாக்கியிலும் குண்டு இருக்கிறது என்றே நினை. குழல் முனை எந்த மனிதனையும் பார்க்கக் கூடாது. சுடும் நொடி வரை விரல் விசையைத் தொடக் கூடாது. இலக்கு என்ன, இலக்குக்குப் பின்னால் என்ன என்று தெரியாமல் சுடாதே. சுட்ட பிறகு வெற்றுத் தோட்டாக் கூடுகளைக்கூட எண்ணித் திருப்பிக் கொடுத்த பின்புதான் வீட்டுக்கு அனுப்புவேன்.

இதுவரை யாரிடமும் அதிகம் பேசாத ஒன்றை இப்போது சொல்கிறேன். 1987. அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து வந்து படித்த ஒரு பையன், ஒன்பதாம் வகுப்பு, என் என்.சி.சி. படையில் முதல் வரிசையில் நிற்பவன். நான்கு விதிகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ராகி அறுவடைக்கு முன் சித்தப்பாவோடு இரவுக் காவலுக்குப் போனான். நடுராத்திரியில் பயிருக்குள் ஏதோ அசைந்தது. பரணில் இருந்தவர் காட்டுப்பன்றி என்று நினைத்து நாட்டுத் துப்பாக்கியால் சுட்டுவிட்டார். இறங்கிப் போயிருந்தது பையன். ஓசூர் ஆஸ்பத்திரி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

நான்காவது விதி அந்தப் பையனுக்குத் தெரியும். சுட்டவருக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. "உன் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?" என்று அந்தப் பையனிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கக் கூச்சம். ஏனென்றால் என் வீட்டுப் பரணிலேயே அப்பாவின் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி கோணியில் சுற்றிக் கிடந்தது. பள்ளியில் விதி பேசிய வாத்தியார் வீட்டில் வாயை மூடிக்கொண்டிருந்தார். அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். தாமாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அறிவிப்பு வந்தபோதுதான் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் அதைக் கொடுத்தேன். அதை அந்தப் பையன் இறந்த மறுநாளே செய்திருக்க வேண்டும்.

உங்களில் சிலர் வீட்டிலும் அப்படி ஒன்று கிடப்பது எனக்குத் தெரியும். "தாத்தா காலத்துச் சொத்து, பெருமைக்கு வைத்திருக்கிறோம்" என்பீர்கள். பெருமைக்குத் தாத்தாவின் ஏர்க்கலப்பையை வையுங்கள். உரிமம் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தாலே, 2019-ல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டப்படி, குறைந்தது 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை. உரிமம் கேட்கவே 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒன்பது வயதுப் பேரனுக்குப் பரணில் ஏறத் தெரியும், சட்டம் தெரியாது.

"யானையும் பன்றியும் வயலை அழிக்கின்றன, வாத்தியார் ஓசூர் வீட்டில் உட்கார்ந்து பேசுகிறார்" என்று ஊரில் இருக்கும் மாணவர்கள் சொல்வீர்கள். நியாயமான கோபம். அறுவடை நேரத்தில் பன்னார்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று இறங்கும்போது ஒரு வருட உழைப்பு ஓர் இரவில் போகும். நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். பயிர் இழப்பீடு தாமதமாகிறது என்றால் சேர்ந்து கேட்போம், மனு நான் எழுதித் தருகிறேன். பன்றிப் பிரச்சினைக்கு அரசு 2025 ஜனவரியில் வழி சொல்லியிருக்கிறது: காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். வனத்துறையினர் மட்டும். நானும் நீங்களும் அல்ல.

துப்பாக்கி இல்லாவிட்டால் அவுட்டுக்காய், கள்ள மின்வேலி என்று போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 மே மாதம் கேரளாவில் வெடி வைத்த காயைக் கடித்த கர்ப்பிணி யானை வாய் சிதைந்து ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது. நாடே அழுதது. அடுத்த மாதமே நம் திருச்சி மாவட்டம் தொட்டியம் பக்கத்தில், மீன் பிடிக்க வாங்கி வைத்த வெடியைத் தின்பண்டம் என்று நினைத்துக் கடித்த ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். 2023 மார்ச்சில் நம் பக்கத்திலேயே, மாரண்டஅள்ளி அருகே, கள்ள மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயின் உடலைச் சுற்றிச் சுற்றி வந்தன. வெடிக்கும் மின்சாரத்துக்கும் பன்றி யார், பிள்ளை யார் என்று தெரியாது.

சிப்காட்டிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளே, நீங்கள் துப்பாக்கி தூக்குவதில்லை, சரி. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறீர்கள்? அஞ்செட்டி சாலையில் காரை நிறுத்தி, பாட்டு அலற விட்டு, குடித்த பாட்டிலைப் பாறையில் உடைக்கிறீர்கள். அந்தக் கண்ணாடி யானையின் பாதத்தில் ஏறினால் அது புண்ணாகி வாரக்கணக்கில் நடக்க முடியாமல் கிடந்து சாகும். 2023 மே மாதம் ஒகேனக்கல் சாலையில் ஒருவர் யானைக்கு முன்னால் போய்க் கைகளைத் தூக்கி வீரம் காட்டினார். அதையும் வீடியோ எடுத்தார்கள். வனத்துறை அபராதம் போட்டது. அன்று அந்த யானை பொறுமையாக இருந்ததால் அவர் உயிரோடு இருக்கிறார்.

நம் காடு சாதாரணக் காடு அல்ல. 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள் நம் வீட்டு வாசலில் இருக்கின்றன. பேரப்பிள்ளைகளுக்கு மால் காட்டுகிறோம். எது யானை லத்தி, எது காட்டெருமைச் சாணம் என்று காட்டியிருக்கிறோமா?

இன்னொரு கூட்டம் உண்டு. "துப்பாக்கி பற்றிக் குழந்தையிடம் பேசவே கூடாது" என்பார்கள். பேசாமல் விட்டால் அவனுக்குச் சினிமாவும் செல்போன் விளையாட்டும் பாடம் நடத்தும். அவற்றில் சுடப்பட்டவன் மறுபடி எழுந்து வருவான். நிஜத்தில் எழமாட்டான் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பேரனை மறுநாள் தனியாகக் கூப்பிட்டேன். திட்டவில்லை. 1987 கதையை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த அண்ணனுக்குத் தங்கச்சி இருந்தாளா தாத்தா?" என்று கேட்டான். இருந்தாள் என்றேன். அவனாகவே ஏர் கன்னைக் கொண்டுவந்து என் அலமாரியில் வைத்தான். நான்கு விதிகளும் இப்போது அவனுக்குத் தெரியும். அவன் அப்பாவுக்கு அவனே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

உங்களிடம் நான் கேட்பது மூன்றுதான். வீட்டில் துப்பாக்கியோ வெடியோ இருந்தால், குழந்தைகளை அண்டவிடாமல், நீங்களும் நோண்டாமல், ஊர்ப் பெரியவரை வைத்துக்கொண்டு காவல் நிலையத்திலோ வனச்சரக அலுவலகத்திலோ இந்த வாரமே பேசுங்கள். பிள்ளைகளுக்கு அந்த நான்கு விதிகளைச் சொல்லுங்கள், பொம்மைத் துப்பாக்கிக்கும் அதே விதிதான். மாதம் ஒருமுறை அவர்களைக் காட்டோரம் கூட்டிப் போய்ச் சத்தம் போடாமல் நடக்கப் பழக்குங்கள். கொண்டுபோன குப்பையைத் திருப்பி எடுத்து வாருங்கள்.

கோபம் வந்தவர்கள் போன் செய்து திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். குடும்பக் குழுவில் அந்த வீடியோவை மட்டும் இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்