கோல் கும்பஸில் கொஞ்சம் மெதுவாக

விடுமுறையில் பீஜப்பூர் (2014 முதல் விஜயபுரா) போகும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோல் கும்பஸின் மாடத்தில் ஏறியதும் கூவியும் கைதட்டியும் எதிரொலியை எண்ண வேண்டாம். கீழே இருப்பது 1656இல் மறைந்த முகமது ஆதில் ஷாவின் சமாதி. நடுவே ஒரு தூண்கூட இல்லாத அந்தக் குவிமாடத்தின் அதிசயமே, சுவரோரம் கிசுகிசுத்தாலும் எதிர்ப்பக்கம் கேட்பதுதான். நாங்கள் போன அன்று இரைச்சலில் அது காதில் விழவே இல்லை. கத்தியவர்களில் பாதிப்பேர் பெரியவர்கள்! அதே ஆதில் ஷாக்கள் கட்டிய ஜும்மா மசூதியில், தொழுவோருக்கு ஆளுக்கொன்றாகத் தரையில் 2,250 கட்டங்கள். அங்கே யாரும் கத்துவதில்லை. சமாதிக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை? காலையில் கதவு திறந்ததுமே கும்பஸுக்குப் போய்விடுங்கள். கூட்டம் சேருமுன் பிள்ளைகளைக் கிசுகிசுக்கச் சொல்லிக் கேட்கலாம்.