ஸ்விட்ச்ல கை வைக்காதீங்க!



போன மாசம், ராத்திரி 11 மணி இருக்கும். எங்க வீட்டு அடுப்படியில கேஸ் வாடை. அப்பா எழுந்து போய் நேரா எக்ஸாஸ்ட் ஃபேன் ஸ்விட்ச்ல கை வைக்கப் போனார். "தொடாதீங்க!"ன்னு அம்மா போட்ட சத்தத்துல கை அப்படியே நின்னுச்சு. ரெகுலேட்டரை மூடினதும் அம்மாதான். இன்ஜினியரிங் படிச்ச நான் பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்தேன். அந்த வெட்கத்துலதான் இந்தப் பதிவு.

கேஸுக்குன்னு சொந்தமா வாடை கிடையாது. கசிஞ்சா தெரியணும்னுதான் மெர்காப்டன் கலக்குறாங்க. அந்த வாடை வந்தா:

🔴 ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெண்டுலயும் பொறி வரும். எரியுற லைட் எரியட்டும். காலிங் பெல்லும் வேண்டாம்.
🔴 அடுப்பை அணைங்க. சாமி விளக்கை மலையேத்துங்க. ஊதுவத்தியும் இருக்கக் கூடாது.
🔴 ரெகுலேட்டரை மூடுங்க. குழாய் இணைப்புன்னா மீட்டர் பக்கத்து வால்வு.
🔴 கதவு, ஜன்னல் எல்லாத்தையும் திறங்க. சிலிண்டர் கேஸ் காற்றைவிட கனம், தரையோட தங்கும். அதனால ஜன்னல் மட்டும் போதாது, வாசக்கதவும் திறக்கணும். குழாய்ல வர்ற இயற்கை எரிவாயு லேசு, மேல ஏறும்.
🔴 வாடை பலமா இருந்தா எதுக்கும் நிக்காம எல்லாரும் வெளிய வந்துடுங்க. போன் வெளிய வந்த பிறகுதான். சிலிண்டருக்கு 1906, தீயணைப்புக்கு 101. குழாய் இணைப்புக்கு பில்லுல இருக்குற அவசர நம்பர்.

இதெல்லாம் எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. எங்களுக்கு ஏன் தெரியலை? அடுப்படி பொம்பளைங்க வேலைன்னு ஒதுங்கிட்டோம். அம்மா ஊர்ல இல்லாத ராத்திரி அந்த வாடை வந்திருந்தா?

கேள்வி வீட்டோட முடியலை. தமிழ்நாட்டுல பல ஊர்கள்ல குழாய் எரிவாயு வருது. வரட்டும், நல்லதுதான். ஆனா கையெழுத்து வாங்கி இணைப்பு கொடுத்தா மட்டும் போதாது. எந்த வால்வை எப்படி மூடணும்னு வீட்டுல இருக்குற எல்லாருக்கும் தமிழ்ல செஞ்சு காட்டணும். தெருவுக்கு ஒரு நாள் செயல்முறை விளக்கம் நடத்தணும். சிலிண்டர் வரும்போது கசிவு சோதிச்சுக் காட்டச் சொல்லிக் கேளுங்க. அது சலுகை இல்லை, நம்ம உரிமை.

ஷேர் பண்றதுக்கு முன்னாடி ஒரு வேலை. இன்னைக்கு ராத்திரி, அம்மாவைத் தவிர வீட்டுல இருக்குற ஒவ்வொருத்தரும் ரெகுலேட்டரை ஒரு தடவை மூடித் திறந்து பாருங்க.

நான் பழகிட்டேன். அப்பாவும்தான். 🙂

#ஸ்விட்ச்_தொடாதீங்க #அவசரத்துக்கு_1906

- தகவல் தொழில்நுட்ப அணி