சூத்திரமும் அதன் வரம்பும்

கல்லூரியன்னையின் விழா மலரிற் பழைய மாணவர் எழுதுவன பெரும்பாலும் இளமை நினைவுகளாகவே அமைதல் இயல்பு. யானோ, இன்று அங்குப் பயிலும் விஞ்ஞான மாணவர்க்குப் பயன்படக்கூடிய கருத்தொன்றைக் கூற விழைகின்றேன். சூத்திரத்தை மனனஞ் செய்தல் கல்வியாகாது. அச்சூத்திரம் எவ்வளவு தூரஞ் செல்லும் என்பதை அறிதலே கல்வியாகும். ஓடும் நீரில் நிற்கும் தட்டையான பலகையொன்றின்மீது தொழிற்படும் உராய்வு இழுவையைக் கணிக்கும் முறையை இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வேன்.

பார்வைக்கு இஃது எளிய கணக்கே. ஆயினும் பேரறிஞரையும் மயங்கவைத்தது. 1752 ஆம் ஆண்டிற் பிரான்சிய அறிஞர் டலம்பேர், பிசுக்குமையற்ற பாய்பொருள் எனக் கொண்டு கணித்து, அதனூடு சீராகச் செல்லும் பொருளுக்குத் தடையே இல்லை என்ற முடிவைப் பெற்றார். கணிதத்திற் பிழையில்லை, ஆனால் துடுப்பு வலித்த எவனும் அதனை ஒப்பான். 1872 இல் ஆங்கில நாட்டு வில்லியம் புரூட், தோக்கே நகரில் தாம் அமைத்த நீர்த்தொட்டியிற் பலகைகளை இழுத்துத் தடையை அளந்தார். வாணிசு பூசிய 50 அடிப் பலகையின் தடை வேகத்தின் 1.83 ஆம் அடுக்கிற்கேற்பவும், மணல் ஒட்டிய பலகையின் தடை ஏறத்தாழ 2 ஆம் அடுக்கிற்கேற்பவும் வளரக் கண்டார்.

இவ்விரண்டிற்கும் இடையே பாலமிட்டவர் செர்மானியரான பிராண்டில். பிசுக்குமையின் ஆட்சி பலகையை ஒட்டிய மெல்லிய எல்லைப்படையில் மட்டுமே என்று 1904 இல் ஐடல்பேர்க்குக் கணித மாநாட்டில் அவர் விளக்கினார். அவர் மாணவர் பிளாசியசு அதனைக் கொண்டு 1908 இல் இழுவைக் குணகத்தைத் தந்தார்: 1.328 ஐ இரேனோல்சு எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தல் வேண்டும். வேகத்தை நீளத்தாற் பெருக்கி, இயக்கப் பிசுக்குமையால் வகுத்துப் பெறுவதே இரேனோல்சு எண். இப்பெருஞ் சாதனைக்குப் பின் பிளாசியசு 1912 முதல் ஹம்பேர்க்கு நகரில் ஆசிரியராகவே வாழ்ந்தார் என்பது ஆசிரியர்க்கு உவகை தருஞ் செய்தியாம்.

இனிக் கணக்கிற்கு வருவோம். 1 மீற்றர் நீளமும் 0.5 மீற்றர் அகலமும் உடைய அழுத்தமான பலகை. நீரின் வேகம் செக்கனுக்கு 0.3 மீற்றர். இரேனோல்சு எண் 3 இலட்சம், குணகம் 0.0024. இரு முகங்களிலும் சேர்ந்த இழுவை 0.11 நியூற்றன், அதாவது ஏறத்தாழ 11 கிராமின் நிறை. பின்விளிம்பில் எல்லைப்படையின் தடிப்பு 9 மில்லிமீற்றரளவே.

இப்பொழுது வேகத்தைப் பத்து மடங்காக்குவோம். அதே சூத்திரம் 3.5 நியூற்றன் என விடை தரும். அவ்விடை பொய். இரேனோல்சு எண் ஏறத்தாழ 5 இலட்சத்தைக் கடந்ததும் ஒழுங்கான பாய்ச்சல் குலைந்து கொந்தளிப்பாகின்றது. அப்பொழுது 0.074 ஐ அவ்வெண்ணின் ஐந்தாம் மூலத்தால் வகுத்தல் வேண்டும். முன்விளிம்பிலிருந்தே கொந்தளிப்பெனின் இழுவை 17 நியூற்றன். முற்பகுதி ஒழுங்காக ஓடின் 14 நியூற்றன். இச்சூத்திரப்படி இழுவை வேகத்தின் 1.8 ஆம் அடுக்கில் வளரும். புரூட் கையால் அளந்த 1.83 உடன் இஃது எத்துணை அண்மையில் நிற்கின்றது, பாருங்கள்!

பல்கலைக்கழகத்தில் யானும் இப்பிழையைச் செய்தவனே. கால்வாயில் நிறுத்தவேண்டிய தகடொன்றிற்குப் பழகிய சூத்திரத்தைப் பூட்டி, உண்மையில் ஐந்திலொரு பங்கை விடையாக எழுதினேன். எண்கணிதம் முழுவதும் சரி; தாங்கி மட்டும் முறிந்திருக்கும். காகிதத்தில் நேர்ந்தமையாற் புள்ளிகளோடு போயிற்று.

"ஆயிரம் வினாக்களைச் செய்து பழகினால் இவையெல்லாந் தாமே வாராவோ?" எனச் சிலர் வினவுவர். பயிற்சி வேண்டியதே; யான் மறுக்கவில்லை. ஆனால் வினாத்தாள் தானே நிபந்தனையைக் கூறிவிடுகின்றது. ஆறும் கடலும் கூறுவதில்லை. பாசி படிந்த வள்ளத்தின் அடி அழுத்தமான பலகையன்று என்பதைச் சூத்திரம் நமக்கு நினைவூட்டாது.

ஆதலின், ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதும்போது அதன் வரம்பையும் அருகே எழுதுக. வரம்பைக் கூறாத விடைக்கு முழுப் புள்ளி வழங்காதொழிக. பழைய மாணவராகிய நாம் சிறு நீர்த்தொட்டியொன்றும், பலகைகள் சிலவும், நல்ல விற்றராசு ஒன்றும் ஆய்கூடத்திற்கு அளிப்போமாக. தான் கணித்ததைத் தானே இழுத்துப் பார்த்து, இரண்டும் வேறுபடக் கண்டு, ஏன் என வினவும் மாணவன் ஒருவனேனும் தோன்றுவானாயின், இவ்விழா பயன்பெற்றதாகும்.