வலி மாத்திரையும் வயிறும்



அம்பூரி மலைச்சரிவில் விடியுமுன் ரப்பர் பால் வெட்டச் செல்லும் நம்மவர்க்கு முழங்கால் வலி புதிதன்று. கடையில் வாங்கிய மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிச் செல்வதும் வழக்கமாயிற்று. என் தந்தையாரும் அவ்வாறே பல மாதம் செய்தார். ஒருநாள் கரிய மலம் கழித்து மயங்கி வீழ்ந்தார். இரைப்பையில் புண் என்றார் மருத்துவர்.

காரணம் யாது? நம் உடலில் சைக்ளோஆக்சிஜனேஸ் என்னும் நொதி உண்டு; புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உண்டாவது அதனாலேயே. அந்நொதி பெரும்பாலும் இரு வகையாகச் செயற்படும். முதல் வகை இரைப்பையின் உட்சுவரைக் காக்கும். இரத்தம் உறையவும் துணை நிற்கும். இரண்டாம் வகை அடிபட்ட இடத்தில் பெருகி வீக்கமும் வலியும் விளைவிக்கும். ஆஸ்பிரின் புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பதை 1971-இல் ஜான் வேன் என்னும் ஆங்கிலேயர் கண்டறிந்தார். 1982-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

சாதாரண வலி மாத்திரைகளிற் பல இரு வகையையும் தடுக்கின்றன. வலி தணிகிறது, காவலும் போய்விடுகிறது. இரண்டாம் வகையை மட்டும் தடுக்க வந்த ரோஃபிகாக்சிப், மாரடைப்பை மிகுவித்ததால் 2004-இல் விற்பனையினின்று நீக்கப்பட்டது.

ஆதலின், வலி நீடிப்பின் மருத்துவரை நாடுங்கள். சிறுநீரக நோயுள்ளோரும் முதியோரும் தாமாக இம்மாத்திரைகளை உண்ணலாகாது. மலம் கறுத்தால் ஒருநாளும் தாமதியாதீர். தந்தையார் பிழைத்தார், எல்லார்க்கும் அவ்வாய்ப்புக் கிட்டுவதில்லை.